பழைய ‘வீ’, சின்னக் கைகள்: மாற்றி அமைக்கும் முன் ஒரு கேள்வி

மாணவர்களே, உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் நிண்டெண்டோவின் ‘வீ’ விளையாட்டுச் சாதனம் ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? 2006 நவம்பரில் விற்பனைக்கு வந்த இந்தச் சாதனம் உலகெங்கும் 10 கோடிக்கும் மேல் விற்றது. அதனால் உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் உறவினர் வீட்டிலோ பழைய பொருள் விற்கும் கடையிலோ ஒன்றைப் பார்த்திருப்பீர்கள்.

சிறு பிள்ளைகளுக்கு வீ மிகவும் பிடிக்கும். கையை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டையும் வீசும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத தம்பியும் ஐந்தே நிமிடத்தில் ஆடக் கற்றுக்கொள்வான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மைலோ ஒட்டிய விரல்களோடு அவன் வட்டை எடுப்பான், தரையில் வைப்பான், அதன்மேல் தங்கை நடந்துபோவாள். ஒரு மாதத்தில் பாதி வட்டுகள் ஓடமாட்டா.

அப்போது யாராவது ஒருவர், “இதை ‘மோட்’ பண்ணிவிட்டால் வட்டே வேண்டாம்” என்று யோசனை சொல்வார். சாதனம் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையை மாற்றி அமைப்பதைத்தான் ‘மோட்’ என்கிறார்கள். அதற்கு மூன்று வழிகள் உண்டு. சாதனத்தைத் திறக்காமல் வெளியே மட்டும் மாற்றுவது ஒன்று. உள்ளே ஒரு சிப்பைப் பொருத்துவது மற்றொன்று. மென்பொருளை மட்டும் மாற்றுவது மூன்றாவது.

எது சிறந்தது? “எதில் அதிக வசதி?” என்றுதான் பெரும்பாலோர் கேட்பார்கள். நீங்கள் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: “தவறு நடந்தால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?” இந்தக் கேள்வியோடு மூன்று வழிகளையும் பார்ப்போம்.

வட்டு ஏன் ஓடாமல் போகிறது?

முதலில் நோயைக் கண்டுபிடிப்போம். வீ வட்டு டிவிடியின் தொழில்நுட்பத்தில் அமைந்தது. 12 செண்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் தடிமன். தகவல் வட்டின் மேற்பரப்பில் இல்லை. 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில், இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே நுண்ணிய பள்ளங்களாகப் பதிந்துள்ளது. அடுத்தடுத்த இரண்டு தடங்களுக்கு இடையே உள்ள தொலைவு 0.74 மைக்ரோமீட்டர்தான். 70 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒரு தலைமுடியை வட்டின்மேல் வைத்தால், அதன் அடியில் ஏறத்தாழ 95 தடங்கள் மறைந்துவிடும்.

அப்படியானால் ஒரு சிறு கீறலே வட்டைக் கெடுத்துவிடாதா? கெடுக்காது. சிவப்பு லேசர் ஒளி தகவல் அடுக்கில்தான் ஒரு புள்ளியாகக் குவிகிறது. வட்டின் மேற்பரப்பைத் தொடும்போது அந்த ஒளிக்கற்றை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். மெல்லிய கீறல் அதில் ஒரு சிறு பகுதியை மட்டுமே மறைக்கும். மூக்குக் கண்ணாடியில் ஒட்டிய தூசி நீங்கள் படிக்கும் எழுத்தை மறைக்காததைப் போலத்தான் இதுவும். அதையும் தாண்டித் தகவல் விடுபட்டால், வட்டில் சேர்த்துப் பதிந்திருக்கும் பிழைதிருத்தக் குறியீடுகளைக் கொண்டு விடுபட்டதைக் கணக்கிட்டு மீட்டுவிடலாம்.

தடத்தின் குறுக்கே போகும் கீறலால் ஒவ்வொரு தடத்திலும் சிறிதளவு தகவல்தான் விடுபடும். தடத்தோடு சேர்ந்து வட்டமாகப் போகும் கீறலோ ஒரே இடத்தில் நீண்ட தகவலை விழுங்கிவிடும். பிழைதிருத்தத்தால் அதை ஈடுசெய்ய முடியாது. அதனால்தான் வட்டைச் சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும்.

ஓடாத வட்டுகளை முதலில் இப்படித் துடைத்துப் பாருங்கள். விரல் பிசுக்குதான் காரணம் என்றால், அவற்றில் சில மறுபடியும் ஓடத் தொடங்கும். மாற்றி அமைக்கும் தேவையே அதோடு தீர்ந்துபோகலாம்.

முதல் வழி: வெளியே மட்டும் மாற்றுவது

வெளிமாற்றம் என்றால் சாதாரண வேலை என்று நினைக்காதீர்கள். நிண்டெண்டோவே அதைச் செய்ய வேண்டியிருந்தது. வீ வெளிவந்த சில வாரங்களிலேயே, வேகமாக வீசிய கட்டுப்பாட்டுக் கருவி கையை விட்டுப் பறந்து தொலைக்காட்சியை உடைத்த செய்திகள் வந்தன. கருவியை மணிக்கட்டோடு பிணைக்கும் கயிறு அறுந்துபோனதே காரணம். 2006 டிசம்பரில் நிறுவனம் அந்தக் கயிற்றை மாற்றித் தர முன்வந்தது. பழைய கயிற்றின் விட்டம் 0.6 மில்லிமீட்டர், புதியது 1 மில்லிமீட்டர்.

வெறும் 0.4 மில்லிமீட்டர் கூடுவதால் என்ன பயன் என்று தோன்றுகிறதா? கயிற்றின் வலிமை அதன் விட்டத்தைப் பொறுத்தது அன்று. குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். 1-ஐ 0.6-ஆல் வகுத்து, விடையை வர்க்கப்படுத்துங்கள்: ஏறத்தாழ 2.8 வரும். அதே பொருளால் ஆன கயிறு இப்போது 2.8 மடங்கு இழுவிசையைத் தாங்கும். 2007 அக்டோபரில் கருவிக்கு ஒரு மென்மையான சிலிக்கோன் உறையும் வந்தது. மோதும்போது உறை அமுங்குகிறது, மோதல் நடக்கும் நேரம் நீள்கிறது, விசை குறைகிறது. நீங்கள் உந்தத்தைப் பற்றிப் படித்த பாடம்தான்.

உங்கள் வீட்டில் இந்த வழியில் செய்யக்கூடியவை பல. மெல்லிய கயிறு இருந்தால் மாற்றுங்கள், உறை போடுங்கள். வட்டுகளைத் தம்பிக்கு எட்டாத உயரத்தில் வைத்து, மாற்றிப் போடும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். சாதனத்திலேயே இருக்கும் பெற்றோர் கட்டுப்பாட்டை அம்மாவையோ அப்பாவையோ கொண்டு இயக்குங்கள். நான்கு இலக்க எண் ஒன்றை அமைத்தால், வயதுக்கு மீறிய விளையாட்டுகளையும் இணையத்தையும் தடுக்கலாம். படம் மங்கலாகத் தெரிந்தால், சாதனத்தோடு வந்த மஞ்சள்-சிவப்பு-வெள்ளைக் கம்பிக்குப் பதிலாகக் காம்போனென்ட் கம்பியைப் போட்டால் 480 வரிப் படம் முழுமையாகவும் தெளிவாகவும் வரும்.

திரும்ப முடியுமா? எல்லாவற்றிலும் முடியும். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

இரண்டாம் வழி: சிப் பொருத்துவது

வீ ஒரு வட்டை ஏற்றதும், அது நிறுவனத்தின் அசல் வட்டுதானா என்று வட்டு இயக்கி சோதிக்கும். அந்தச் சோதனையில் குறுக்கிட்டு, “ஆம், அசல்தான்” என்று பொய்ப் பதில் கொடுப்பதே சிப்பின் வேலை. அதைப் பொருத்தச் சாதனத்தை முழுவதும் பிரிக்க வேண்டும். வீயின் சில திருகுகளின் தலையில் மூன்று கிளைகள் இருக்கும். அவற்றுக்குத் தனித் திருப்புளி வேண்டும். பிறகு வட்டு இயக்கியின் மின்சுற்றுப் பலகையில் நுண்ணிய புள்ளிகளில் சால்டரிங் செய்ய வேண்டும்.

பள்ளியின் வடிவமைப்பு, தொழில்நுட்ப வகுப்பில் சால்டரிங் செய்திருப்பீர்கள். அங்கே துளைகள் பெரியவை. ஈயம் சற்று வழிந்தாலும் உறிஞ்சி எடுத்துவிடலாம். இங்கே புள்ளிகள் மிக நெருக்கமானவை. சூடு கூடினால் பலகையில் ஒட்டியிருக்கும் செப்புத் தடமே உரிந்து வந்துவிடும். உரிந்த தடத்தை மறுபடியும் ஒட்டுவது தொழிலில் தேர்ந்தவருக்கே கடினம். நிண்டெண்டோவும் பின்னர் வந்த சாதனங்களில் வட்டு இயக்கியின் சிப்பைப் பலமுறை மாற்றியது. ஒரு பலகைக்குப் பொருந்தும் சிப் மற்றொன்றுக்குப் பொருந்தாது. பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை உள்ளே எது இருக்கிறதென்று சொல்வதும் எளிதன்று.

இத்தனைக்கும் பிறகு தம்பிக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். சிப் பொருத்தினாலும் விளையாட்டு வட்டிலிருந்துதான் ஓட வேண்டும். மைலோ விரல்கள் வட்டைத் தொடும். லேசரும் முன்போலவே தேயும். நாம் தொடங்கிய சிக்கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

திரும்ப முடியுமா? ஏறக்குறைய முடியாது. சிப்பை எடுத்துவிடலாம், பட்ட சூட்டை எடுக்க முடியாது.

மூன்றாம் வழி: மென்பொருளை மாற்றுவது

இங்கேதான் கதை சுவையாகிறது. ஒரு குதிரையின் பெயர் பூட்டைத் திறந்த கதை இது.

வீ தனக்குத் தெரிந்த மென்பொருளை மட்டுமே ஓட்டும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் நிண்டெண்டோவின் எண்முறைக் கையெழுத்து இருக்க வேண்டும். 2007, 2008-ஆம் ஆண்டுகளில் ‘டீம் ட்வீசர்ஸ்’ என்ற ஆய்வாளர் குழு இந்தப் பாதுகாப்பை ஆராய்ந்தது. இடுக்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே குழுவுக்குப் பெயரானது. ஏனென்றால், ஒரு சாதாரண இடுக்கியால் மின்சுற்றின் புள்ளிகளை இணைத்து, நினைவகத்தின் மறைந்த பகுதிகளைப் படித்துத்தான் அவர்கள் இரகசியச் சாவிகளை எடுத்தார்கள்.

அவர்கள் கண்ட பெரிய ஓட்டை, நிரல் எழுதிப் பழகும் மாணவர் எவரும் செய்யக்கூடிய தவறு. மென்பொருளின் விரல்ரேகை போன்ற 20 பைட் எண் ஒன்றைச் சாதனம் கணக்கிடும். கையெழுத்துக்குள் இருக்கும் எண்ணோடு அதை ஒப்பிடும். இரண்டும் ஒன்றானால் மென்பொருள் அசல். இந்த ஒப்பீட்டுக்கு, எழுத்துகளால் ஆன சொற்களை ஒப்பிடும் ஒரு கட்டளையைப் பயன்படுத்தியிருந்தார்கள். சி மொழியில் சுழியம் என்ற மதிப்பு வந்தால் சொல் முடிந்தது என்று பொருள். ஆகவே இரண்டு எண்களும் சுழியத்தில் தொடங்கினால், கட்டளை முதல் பைட்டோடு நின்று “இரண்டும் ஒன்றே” என்று சொல்லிவிடும். மீதி 19 பைட்களை அது பார்க்கவே பார்க்காது. ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள் சாத்தியம். எனவே மென்பொருளில் பயனில்லாத ஒரு மூலையைச் சற்றுச் சற்றாக மாற்றிக்கொண்டே போனால், சராசரியாக 256 முயற்சிகளில் ஒன்று பலித்துவிடும். கணினிக்கு அது கண் சிமிட்டும் நேரம்.

குதிரை எங்கே வந்தது? ‘செல்டா’ வரிசையில் ‘ட்வைலைட் பிரின்சஸ்’ என்ற விளையாட்டில் நாயகனின் குதிரைக்கு நீங்களே பெயர் வைக்கலாம். அந்தப் பெயருக்கு நினைவகத்தில் குறிப்பிட்ட இடம் உண்டு. 2008 பிப்ரவரியில் வெளிவந்த ஒரு மாற்றுச் சேமிப்புக் கோப்பில், அந்த இடத்தில் அடங்காத மிக நீண்ட பெயர் இருந்தது. பெயர் அருகிலிருந்த நினைவகத்துக்குள் வழிந்தது. வழிந்த எழுத்துகளைச் சாதனம் கட்டளைகளாக ஓட்டியது. உள்ளீட்டின் நீளத்தைச் சரிபார்க்க மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பின்னர் நிண்டெண்டோ இந்த ஓட்டைகளை அடைத்தது. வேறு ஓட்டைகள் வெளிவந்தன.

இவ்வழியில் சால்டரிங் வேண்டாம், திருப்புளி வேண்டாம். சொந்தமாக எழுதிய நிரல்களை எஸ்டி அட்டையிலிருந்து ஓட்டலாம். அதனால் இது ஆபத்தில்லாத வழி என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வீயின் இயக்க மென்பொருள், விளையாட்டுச் சேமிப்புகள் அனைத்தும் 512 மெகாபைட் அளவுள்ள ஒரே உள்நினைவகத்தில் இருக்கின்றன. தவறான கோப்பை அங்கே எழுதினாலோ, எழுதும் நடுவே தம்பி சுவிட்சை அணைத்தாலோ, சாதனம் மறுபடியும் எழவே எழாது. “செங்கல் ஆகிவிட்டது” என்பார்கள். செங்கல்லைப் போலக் கனமாக இருக்கும். அதைத் தவிர வேறு பயன் இராது.

திரும்ப முடியுமா என்ற கேள்விக்கு இங்கே விந்தையான பதில் கிடைக்கிறது: அது சாதனம் எப்போது தயாரானது என்பதைப் பொறுத்தது. வீ படிப்படியாக விழித்தெழும் சாதனம். முதற்படி சிப்பிலேயே பொறிக்கப்பட்டது. அது இரண்டாம் படியைச் சரிபார்க்கும். இரண்டாம் படி மூன்றாவதைச் சரிபார்க்கும். 2008 வாக்கில்வரை வந்த சாதனங்களில், சொல் ஒப்பிடும் அதே தவறு இரண்டாம் படியிலும் இருந்தது. அந்தப் படியைத் தொழிற்சாலைக்கு வெளியே மாற்ற முடியாது. அதனால் அவற்றில் மூன்றாம் படியின் இடத்திலேயே ஒரு மீட்பு நிரலை வைக்கலாம். முழு உள்நினைவகத்தின் நகலை முன்கூட்டியே எஸ்டி அட்டையில் எடுத்து வைத்திருந்தால், செங்கல்லானதையும் பெரும்பாலும் உயிர்ப்பிக்கலாம்.

பிந்திய சாதனங்களில் தவறு திருத்தப்பட்டுவிட்டது. மீட்பு நிரல் பின்னால் ஒரு படியில்தான் உட்கார முடியும். முன்படி கெட்டால் அதை எழுப்ப வழியில்லை. நண்பரின் சாதனத்திலிருந்து நகல் எடுத்துப் போடலாமே என்கிறீர்களா? ஒவ்வொரு வீக்கும் தனித்தனிச் சாவி உண்டு. ஒன்றின் நகல் மற்றொன்றில் வேலை செய்யாது. 2012-இல் வந்த ‘வீ மினி’யில் எஸ்டி அட்டைக்கு இடமே இல்லை.

இரண்டு வெள்ளைப் பெட்டிகள் வெளியே ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் திரும்பும் வழி உண்டு, மற்றொன்றில் இல்லை. “என் நண்பன் செய்தான், ஒன்றும் ஆகவில்லை” என்ற பேச்சை நம்பி இறங்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தமும், சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டமும், படைப்புகளைக் காக்கும் தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை ஒரு வன்தட்டில் நிரப்பித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது பிறருடைய உழைப்பை. விளையாட்டை உருவாக்கிய ஓவியருக்கும் நிரலருக்கும் அதில் ஒரு காசும் போவதில்லை. குடும்பத்துக்காகச் சாதனத்தைத் தயார்ப்படுத்தும்போது பெற்றோருக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு

விளையாட்டு ஓடாவிட்டால் ஏமாற்றம்தான். கீழே சொல்லும் இரண்டும் அப்படியல்ல.

முதலாவது, மின் அடாப்டர். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய வீகள் இங்கே பல உண்டு. ஜப்பானில் விற்றதன் அடாப்டர் 100 வோல்ட்டுக்கு. அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட்டுக்கு. நம் சுவரில் இருப்பதோ 230 முதல் 240 வோல்ட்வரை. மாறுதிசை மின்னோட்டத்தில் 240 வோல்ட் என்றால் அதன் உச்சம் 339 வோல்ட்டைத் தொடும். 120 வோல்ட்டின் உச்சம் 170 மட்டுமே. அதற்கென அமைந்த மின்தேக்கி இரு மடங்கு அழுத்தத்தைத் தாங்காமல் வெடிக்கலாம். செருகும் முன் அடாப்டரின் ஒட்டுச்சீட்டைப் படியுங்கள்.

இரண்டாவது, நாணயம் போன்ற சிறு மின்கலம். வீயின் கடிகாரம் ஓடுவதற்கு லித்தியம் மின்கலம் ஒன்று உள்ளே இருக்கிறது. சாதனத்தைப் பிரிப்பவர் அதை எடுத்து மேசைமேல் வைத்தால், சிறு குழந்தை விழுங்கிவிடக்கூடும். உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தின் வழியே மின்னோட்டம் பாய்ந்து காரப்பொருள் உருவாகும். இரண்டே மணி நேரத்தில் தசை வெந்துபோகும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மின்கல மூடியின் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

வீயின் இணையக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. 2020-இல் ஜப்பானில் நிண்டெண்டோ வீயைப் பழுதுபார்ப்பதையும் நிறுத்தியது. கெட்டுப்போனால் சரிசெய்து தர நிறுவனம் இல்லை. உள்ளே நீங்கள் பத்து வருடத்துக்கு முன் ஆடிச் சேர்த்த சேமிப்புகளும் குடும்பத்தார் முகச்சாயலில் செய்த பொம்மைகளும் இருக்கலாம்.

ஆகவே தம்பி, தங்கை ஆடும் சாதனத்துக்கு முதல் வழியே போதும். அடாப்டரைச் சரிபாருங்கள், கயிற்றையும் உறையையும் மாற்றுங்கள், வட்டுகளைத் துடைத்து உயரத்தில் வையுங்கள், பெற்றோர் கட்டுப்பாட்டை இயக்குங்கள். சாதனத்தின் சொந்தப் பட்டியல் வழியாகவே சேமிப்புகளை எஸ்டி அட்டைக்கு நகலெடுங்கள். சில விளையாட்டுகளின் சேமிப்பு அப்படி வராது. அவற்றுக்காகவாவது உள்நினைவகத்தைத் தொடாமல் விடுங்கள். வெளிமாற்றத்தால் தீராத தேவை ஒன்று உண்மையிலேயே இருந்தால், அப்போது பெற்றோரோடு கலந்து மென்பொருள் வழியைப் பற்றிப் பேசலாம். சிப் வழி பிள்ளைகளின் சிக்கலைத் தீர்ப்பதே இல்லை.

“எனக்கு உள்ளே திறந்து பார்க்க வேண்டும்” என்று உங்கள் கை துறுதுறுக்கிறதா? நல்லது, அந்த ஆர்வத்தை அடக்க வேண்டாம். பழைய பொருள் கடையில் ஓடாத வீ ஒன்று கிடைத்தால் வாங்குங்கள். மூன்று கிளைத் திருகை அதில் கழற்றுங்கள், லேசர் எங்கே இருக்கிறது, காற்றாடி எதைக் குளிர்விக்கிறது என்று பாருங்கள், சால்டரிங் பழகுங்கள். தடம் உரிந்தாலும் யாரும் அழப்போவதில்லை. வரவேற்பறையில் தம்பி ஆடிக்கொண்டிருக்கும் வீ மட்டும் அப்படியே ஓடட்டும்.